தனிச் சங்கம் பிரிவினையா?

(வத்திராயிருப்பில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வயலில் நடவு முடித்துக் கரையேறி வந்திருக்கிறீர்கள். ராஜபாளையம் ஆலைகளில் பகல் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ் ஏறி வந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். களைத்து வந்தவர்களை நெடுநேரம் உட்கார வைப்பது நியாயமல்ல. ஆனால் இன்று நான் பேச வந்தது கூலி உயர்வு, போனஸ் போல உடனே கைக்கு வருகிற விஷயமல்ல. நம் பிள்ளைகளைப் பற்றிய விஷயம். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

கூட்டம் தொடங்குமுன் டீக்கடையில் ஓர் ஆலைத் தொழிலாளி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் வெளி மாகாணத்தில் ஒரு பெரிய பல்கலைக் கழகத்தில் படிக்கிறான். “தோழர், அங்கே எல்லா மாணவர்களுக்கும் சேர்த்துச் சங்கம் இருக்கிறது. அப்படியிருந்தும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் அம்பேத்கர் பேரில் தனியாக ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். தொழிலாளி ஒன்றுபட வேண்டும், மாணவன் ஒன்றுபட வேண்டும் என்று மேடைக்கு மேடை நீங்கள்தான் பேசுகிறீர்கள். அப்படியானால் இந்தத் தனிச் சங்கம் எதற்கு? இது பிரிவினை இல்லையா?” என்று கேட்டார்.

அவர் விஷமத்துடன் கேட்கவில்லை, நேர்மையாகத்தான் கேட்டார். இதே கேள்வி உங்களில் பலர் மனத்திலும் இருக்கும். சிலர் வாய்விட்டுக் கேட்கிறீர்கள்; சிலர் கேட்காமல் வைத்திருக்கிறீர்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்தத் தோழருக்குச் சொல்லும் பதில்தான்.

வாசலைத் தாண்டிய பிறகு

பிளவக்கல் அணைத் தண்ணீர் பாயும் வயலில் நாற்று நடுகிற ஒரு தாயை நினைத்துக் கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு மகள். காலனித் தெருவில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஹைதராபாத்திலோ டில்லியிலோ இடம் கிடைக்கிறது. ஊரே சந்தோஷப்படுகிறது. வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஒரு பெட்டி வாங்கி, ரயில் ஏற்றி அனுப்புகிறோம். நம் வேலை அத்துடன் முடிந்தது என்று நினைக்கிறோம்.

முடியவில்லை, தோழர்களே. அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன முதல் நாளே சக மாணவர்கள் கேட்கிறார்கள்: “நுழைவுத் தேர்வில் உன் ரேங்க் என்ன?” இது சாதாரணக் கேள்வியா? இல்லை. ஜாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவன் ரேங்கைக் கேட்கிறான். பதில் கிடைத்ததும் சிலர் விலகி உட்காருகிறார்கள். வகுப்பில் பாடம் முழுவதும் இங்கிலீஷில் ஓடுகிறது. சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயத்தில் அவள் வாய் திறப்பதில்லை. ஆராய்ச்சி மாணவருக்கு வழிகாட்டும் பேராசிரியர் ஒருவர் வேண்டும். மற்றவர்களுக்குக் கிடைத்துவிட்டது, இவளுக்கு மட்டும் மாதக்கணக்கில் கிடைக்கவில்லை. சர்க்கார் தரும் உபகாரச் சம்பளம் காலத்தில் வரவில்லை. மெஸ் பாக்கி ஏறுகிறது. ஆபீஸில் போய்க் கேட்டால் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்புகிறார்கள். ஊருக்கு எழுதினால் தாய் என்ன செய்வாள்? அவள் கூலியே அன்றாடம் காய்ச்சிக் குடிக்கத்தான் காணும்.

இந்தப் பெண்ணுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

இரண்டு வருஷம் முன்னால் இதே பாதையில் நடந்து அடிபட்ட ஒரு மாணவன் இருக்கிறான். அட்மிஷன் வரிசையிலேயே வந்து நின்று, “எந்தப் பாரம் வேண்டும்? எந்தச் சர்ட்டிபிகேட் குறைகிறது?” என்று கேட்கிறான். தன் பழைய நோட்டுகளைத் தருகிறான். உபகாரச் சம்பளம் வராவிட்டால் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்கிறான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஒதுக்கீட்டு இடங்களைச் சரியாகக் கணக்கிட்டார்களா என்று பதிவேட்டைக் கேட்கிறான். சாயங்காலம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, நாம் ஏன் இப்படி இருக்கிறோம் என்று சரித்திரத்தைப் படித்து விவாதிக்கிறான்.

டீக்கடைத் தோழர் கேட்ட “தனிச் சங்கம்” இதுதான். ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. ஆலையில் கைவிரல் போன தொழிலாளிக்கு நஷ்ட ஈடு கேட்க ஆளில்லாதபோது சங்கம் எப்படிப் பிறந்ததோ, அப்படிப் பிறந்தது.

ஹைதராபாத்தில் நடந்தது

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993-ல் தொடங்கியது. மண்டல் கமிஷன் சிபாரிசை எதிர்த்து நாடெங்கும் கிளர்ச்சி நடந்து ஓய்ந்திருந்த சமயம் அது. ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகளைக் கேவலமாகப் பேசுவது அன்றைக்குப் பல கல்லூரிகளில் சாதாரணம். அந்தச் சூழ்நிலையில்தான் அந்தப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அதே பல்கலைக் கழகத்துக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து, சேலம் மாவட்டத்திலிருந்து, செந்தில்குமார் என்று ஓர் இளைஞர் போனார். பன்றி வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்து, பௌதிகத்தில் ஆராய்ச்சி செய்யப் போனவர். அவருக்கு வழிகாட்டிப் பேராசிரியர் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரை மாய்த்துக் கொண்டார். மாணவர்கள் கிளர்ச்சி செய்த பிறகே விசாரணைக் குழு வந்தது. வழிகாட்டிகளை ஒதுக்கியதில் இருந்த குறைகள் வெளியே வந்தன. யார் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டது? அந்த “தனிச் சங்க”த்துப் பிள்ளைகளும் அவர்களோடு நின்ற மற்ற மாணவர்களும்தான்.

பிறகு ரோஹித் வெமுலா. குண்டூரில் தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயின் மகன். 2015-ல் மாணவர்களுக்கிடையே நடந்த ஒரு தகராறின் பேரில், அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து ஆராய்ச்சி மாணவர்கள் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2016 ஜனவரியில் அவர்கள் பல்கலைக் கழக வளாகத்திலேயே திறந்தவெளியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அதற்கு “வெலிவாடா” என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த சேரியைக் குறிக்கும் சொல். பட்டப்படிப்புக்கு மேல் படித்தவர்கள், நாட்டின் பெரிய கல்விச்சாலையில் உட்கார்ந்து, தாத்தா காலத்துச் சேரியின் பெயரைத் தங்கள் கூடாரத்துக்கு வைத்தார்கள் என்றால், அதன் அர்த்தம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2016 ஜனவரி 17-ம் தேதி ரோஹித் உயிரை மாய்த்துக் கொண்டார். அவருக்கு வர வேண்டிய ஏழு மாத உபகாரச் சம்பளம், 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய், வந்து சேரவில்லை. கடைசிக் கடிதத்தில் அந்தக் கணக்கையும் எழுதி வைத்தார். அதை வாங்கித் தன் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி கேட்டிருந்தார். அவர் தாழ்த்தப்பட்டவர்தானா என்ற விவகாரத்தைச் சர்க்கார் தரப்பில் வருஷக்கணக்கில் இழுத்தார்கள். 2024 மார்ச் மாதம் தெலங்கானா போலீஸ் கோர்ட்டில் கொடுத்த அறிக்கையும் அதைத்தான் பேசியது. தாயார் ஆட்சேபித்த பிறகு, மேற்கொண்டு விசாரிப்போம் என்று போலீஸே அறிவித்தது. ஒரு பிள்ளை ஏன் செத்தான் என்ற கேள்வி பின்னால் போய், அவன் எந்த ஜாதி என்ற கேள்வி முன்னால் வந்தது. இதைப் பாருங்கள்!

இங்கே நம்மைச் சேர்ந்த ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோஹித் முதலில் இந்திய மாணவர் சங்கத்தில் இருந்தவர். அதாவது இடதுசாரி மாணவர் ஸ்தாபனத்தில் இருந்தவர். அங்கிருந்து விலகி அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் சேர்ந்தார். நம்மை விட்டு ஓர் அறிவுள்ள, துடிப்புள்ள இளைஞன் போனால், போனவனைக் குற்றம் சொல்வது சுலபம். நம்மிடம் எது இல்லை என்று அவன் போனான் என்று கேட்பதே கஷ்டம். ஆனால் கஷ்டமான கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

இது தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் பிரச்னை மட்டும் என்று நினைக்கிற தோழர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 2021 டிசம்பரில் மத்தியக் கல்வி மந்திரி பார்லிமெண்டில் கொடுத்த கணக்கு இது. 2014 முதல் 2021 வரை மத்திய சர்க்காரின் உயர்கல்வி நிலையங்களில் உயிரை மாய்த்துக் கொண்ட மாணவர்கள் 122 பேர். அவர்களில் தாழ்த்தப்பட்டோர் 24 பேர். பழங்குடியினர் 3 பேர். பிற்பட்ட வகுப்பினர் 41 பேர். ஆலையில் நூல் நூற்கும் தோழரே, அந்த 41 பேர் யார்? உங்கள் வீட்டுப் பிள்ளையைப் போன்றவர்கள்தான். கல்விச்சாலையின் வாசலில் அகங்காரம் உட்கார்ந்திருந்தால், அது ஒரு தெருப் பிள்ளையை மட்டும் மிதித்துவிட்டு மற்றவர்களுக்கு வழிவிடுவதில்லை.

சென்னையில் நடந்தது

ஹைதராபாத் தூரம் என்றால் சென்னைக்கு வாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரல் 14-ம் தேதி, அம்பேத்கர் பிறந்த நாளில், மாணவர்கள் அம்பேத்கர் - பெரியார் படிப்பு வட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது என்ன? கூட்டம் போட்டார்கள், துண்டுப் பிரசுரம் போட்டார்கள், ஜாதி, பாஷை, விவசாயி நிலம், தொழிலாளர் சட்டம் பற்றி விவாதித்தார்கள். பெயரில்லாத ஒரு மொட்டைக் கடிதம் டில்லிக்குப் போயிற்று. டில்லி இலாகா அந்தக் கடிதத்தை ஐ.ஐ.டி.க்கு அனுப்பி விளக்கம் கேட்டது. 2015 மே மாதம் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் ரத்தாயிற்று.

என்ன ஆயிற்று? நாடெங்கும் மாணவர்கள் கிளம்பினார்கள். இடதுசாரி மாணவர்கள், திராவிட இயக்க மாணவர்கள், அம்பேத்கர் வழி மாணவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கண்டித்தார்கள். ஜூன் 7-ம் தேதி அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு வேறு ஐ.ஐ.டி.களிலும் இப்படிப்பட்ட வட்டங்கள் முளைத்தன. ஒரு வட்டத்தை மூடப் போனார்கள். பல வட்டங்கள் பிறந்தன. ஒரு தொழிலாளியை வேலைநீக்கம் செய்து சங்கத்தை ஒழிக்கலாம் என்று நினைத்த முதலாளிகளுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் அறிவீர்கள்.

கடல் கடந்த அனுபவம்

இது நம் நாட்டில் மட்டும் நடக்கிற கதையல்ல. அமெரிக்காவில் அடிமைகளாகக் கொண்டுபோய் விற்கப்பட்ட கறுப்பு மக்களின் பிள்ளைகள் இதே பாதையில்தான் நடந்தார்கள்.

1960 பிப்ரவரி 1-ம் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில், நான்கு கறுப்பு மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்தார்கள். அந்த மேடையில் வெள்ளையருக்கு மட்டும்தான் பரிமாறுவார்கள். நம் ஊர்களில் டீக்கடையில் இரட்டைக் கிளாஸ் இருந்ததே, அதன் அண்ணன் தம்பிதான் அந்த மேடை. பரிமாற மறுத்தார்கள். மாணவர்கள் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். பல நகரங்களுக்குப் பரவியது. அந்த ஏப்ரலிலேயே மாணவர்கள் கூடித் தங்களுக்கென்று ஒருங்கிணைப்புக் கமிட்டி அமைத்தார்கள். ஜூலை மாதம் அந்தக் கடை பணிந்து எல்லோருக்கும் பரிமாறியது.

ஓட்டல் கதவு திறந்தது. பல்கலைக் கழகத்தின் உள்ளே என்ன? ஸான்பிரான்ஸிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் 1966-ல் கறுப்பு மாணவர் சங்கம் அமைந்தது. அந்த மாணவர்கள் தங்கள் குடியிருப்புகளுக்குப் போய்ச் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு கேட்டார்கள்: எங்கள் ஜனங்களின் சரித்திரம் உங்கள் பாடத்தில் ஏன் இல்லை? எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஏன் இடமில்லை? 1968 நவம்பர் 6-ம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் போய்க் குடியேறியவர்களின் பிள்ளைகள் சேர்ந்தார்கள். வெள்ளை மாணவர்கள் பலரும் சேர்ந்தார்கள். 1969 ஜனவரியில் ஆசிரியர்களின் தொழிற்சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. போலீஸ் தடியடி, நூற்றுக்கணக்கில் கைது எல்லாம் நடந்தன. நாலரை மாதம் நின்றார்கள். 1969 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. கறுப்பர், பூர்வகுடிகள், குடியேறிய ஜனங்கள் ஆகியோரின் சரித்திரத்தைக் கற்பிக்க அங்கே தனிப் பள்ளியே திறக்கப்பட்டது.

தோழர்களே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தனிச் சங்கம் ஆரம்பித்தவர்கள் கறுப்பு மாணவர்கள். ஆனால் அதனால் ஐக்கியம் உடைந்ததா? இல்லை. முன்னெப்போதும் கண்டிராத ஐக்கியம் பிறந்தது.

இன்னொரு சம்பவம். மிஸ்ஸூரிப் பல்கலைக் கழகத்தில் 2015-ல் இனவெறிச் செயல்கள் நடந்தன. புகார் செய்தும் தலைமை அசையவில்லை. கறுப்பு மாணவர்கள் ஒரு குழு அமைத்தார்கள். குழுவின் பெயரிலேயே 1950 என்ற எண்ணை வைத்துக் கொண்டார்கள். அங்கே முதல் கறுப்பு மாணவர் சேர்க்கப்பட்ட வருஷம் அது. ஒரு மாணவர் உண்ணாவிரதம் இருந்தார். அப்போதும் தலைமை அசையவில்லை. பல்கலைக் கழகத்துக்குப் பெரும் பணம் ஈட்டித் தருவது அதன் கால்பந்து டீம். அந்த டீமில் இருந்த கறுப்பு ஆட்டக்காரர்கள், “தலைவர் போகும்வரை ஆட மாட்டோம்” என்று அறிவித்தார்கள். இரண்டே நாளில், நவம்பர் 9-ம் தேதி, தலைவர் ராஜிநாமா செய்தார்! விண்ணப்பம் கொடுத்தபோது கேட்காத காது, மெஷின் நின்றதும் கேட்டது. இது உங்களுக்குப் புதிய பாடமா? நீங்கள் உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்!

இந்த இரண்டு ஜனங்களின் உறவும் புதிதல்ல. டாக்டர் அம்பேத்கர் 1913 முதல் நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் படித்தவர். கறுப்பு மக்களின் பேரறிஞர் டுபாய்ஸுக்கு 1946-ல் கடிதம் எழுதியவர். 1972-ல் பம்பாயில் எழுந்த இளைஞர் இயக்கம் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டதும், அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான்.

நாடாவும் வாயும்

இப்போது ஆலைத் தொழிலாளிகளுக்கென்று ஒரு விஷயம் சொல்கிறேன். இது நம் வர்க்கத்தின் சொந்தச் சரித்திரம்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் அந்தக் காலத்தில் தாழ்த்தப்பட்ட தொழிலாளிகளை நூற்பில் சேர்ப்பார்கள். நெசவு இலாகாவில் சேர்ப்பதில்லை. நெசவில்தான் கூலி அதிகம். ஏன் சேர்க்கவில்லை? நாடாவில் தார் தீர்ந்ததும் புதுத் தார் போட வேண்டும். நூல் நுனியை நாடாவின் துவாரத்தில் வைத்து வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரு நாடாவில் பல பேர் வாய் படும். தாழ்த்தப்பட்டவன் வாய் பட்ட நாடாவில் நான் வாய் வைப்பேனா என்றார்கள் மற்றவர்கள். சொன்னவர்கள் முதலாளிகள் அல்ல, தோழர்களே! தொழிலாளிகள்!

1928-ல் பம்பாயில் மகத்தான பொது வேலைநிறுத்தம் நடந்தது. கம்யூனிஸ்டுகள் தலைமையில் லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் மாதக்கணக்கில் நின்றார்கள். அப்போது அம்பேத்கர் கேட்டார்: நெசவு இலாகாவில் எங்கள் ஜனங்களைச் சேர்க்கும் கோரிக்கை உங்கள் பட்டியலில் உண்டா? உடனே பதில் சொல்ல நம் தலைவர்களால் முடியவில்லை. தயங்கினார்கள். வற்புறுத்திய பிறகே அது கோரிக்கைப் பட்டியலில் ஏறியது.

இந்தச் சம்பவத்தைச் சொல்ல நமக்கு வெட்கம் வேண்டாம், மறைத்தால்தான் வெட்கம். அந்தக் கோரிக்கையை யாரும் தனியாக நின்று கேட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பட்டியல் நீளமாக இருந்திருக்கும். நாடா மட்டும் அப்படியே இருந்திருக்கும். “நாம் எல்லோரும் தொழிலாளிகள்” என்று கோஷம் போட்டுக்கொண்டே, நாடாவில் வாய் வைக்க மறுத்துக் கொண்டிருந்திருப்போம். தனிக் குரல் எழுந்தது. பொதுப் பட்டியல் முழுமையாயிற்று. பத்து வருஷம் கழித்து, 1938 நவம்பர் 7-ம் தேதி, தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரின் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து பம்பாயில் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். ஐக்கியம் இப்படித்தான் வரும். குறையைச் சொல்பவன் வாயை மூடினால் வராது. குறையைக் கேட்டுப் பட்டியலில் ஏற்றினால் வரும்.

டீக்கடைத் தோழருக்கு என் பதில் இதுதான். பிரிவினையை உண்டாக்கியது தனிச் சங்கம் அல்ல. ரேங்க் கேட்டு விலகி உட்கார்ந்தவன்தான் பிரித்தான். வழிகாட்டி கொடுக்காதவன்தான் பிரித்தான். சங்கம் அந்தக் கோட்டைச் சுட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். காயத்தைக் காட்டுபவனைப் பார்த்துக் காயப்படுத்தினாய் என்று சொல்லலாமா?

கயிறு வேறு, சங்கம் வேறு

ஆனால் இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். “அவர்கள் ஜாதிப் பேரில் சங்கம் வைத்தால் நாங்களும் எங்கள் ஜாதிப் பேரில் வைப்போம்” என்று சிலர் கிளம்புவார்கள். நம் தென் ஜில்லாக்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளே கையில் கலர் கயிறு கட்டி ஜாதி காட்டுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தாழ்த்தப்பட்ட மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு சர்க்கார் நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் ஜாதிக் கயிறுகளைத் தடை செய்யச் சிபாரிசு செய்தது.

கயிறும் சங்கமும் ஒன்றா? இரண்டும் ஜாதியைப் பேசுகின்றன என்பதால் ஒன்றாகிவிடுமா? முதலாளிகளும் சங்கம் வைத்திருக்கிறார்கள், தொழிலாளிகளும் சங்கம் வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்வீர்களா? கயிறு கட்டுபவன் ஏணியில் தன் படியைக் காப்பாற்றக் கட்டுகிறான். அம்பேத்கர் பேரில் கூடும் பிள்ளைகள் அந்த ஏணியையே எடுத்தெறியக் கூடுகிறார்கள். ஒரு ஸ்தாபனத்தைப் பார்த்தால், அதன் பெயரைக் கேட்காதீர்கள். யாரை மிதிக்கிறது, யாரைத் தூக்கி விடுகிறது என்று கேளுங்கள்.

பெயர் என்றதும் நம் ஜில்லாவின் கதை நினைவுக்கு வருகிறது. 1997-ல் விருதுநகர் மாவட்டத்துப் பஸ் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் போற்றும் வீரர் ஒருவர் பெயர். அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கலவரம், வீடு எரிப்பு, உயிர்ச் சேதம். கடைசியில் சர்க்கார் எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. வடக்கே மராத்வாடாவில் பல்கலைக் கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978-ல் சட்டசபையில் தீர்மானம் ஆயிற்று. அங்கேயும் சேரிகள் எரிந்தன. ஆனால் அங்கே மாணவர்களும் ஜனங்களும் விடவில்லை. பதினாறு வருஷம் போராடி, 1994 ஜனவரி 14-ம் தேதி அந்தப் பெயர் ஏறியது. வித்தியாசம் எங்கே? அங்கே ஸ்தாபனம் நின்றது. இங்கே நாம் என்ன செய்து கொண்டிருந்தோம் என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக் கொள்வோம்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, பேசிவிட்டுக் கலைந்தால் போதாது. மூன்று காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது: நம் ஊரிலிருந்து ஒரு பிள்ளை மேல்படிப்புக்குப் போனால், அது அந்த வீட்டுக் காரியம் மட்டுமல்ல, சங்கத்தின் காரியம். தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உபகாரச் சம்பளம் 1944-ல், அம்பேத்கர் வைஸ்ராய் சபையில் இருந்தபோது வந்தது. யாருடைய தர்மமும் அல்ல; உரிமை. அது காலத்தில் வராவிட்டால், தனியாக ஒரு தாய் ஆபீஸ் படியேற வேண்டாம். கிளைச் செயலாளர் கூடப் போகட்டும். எந்தத் தேதியில் விண்ணப்பித்தது, எந்த மேஜையில் நிற்கிறது என்று சங்க நோட்டில் எழுதி வையுங்கள். அம்பேத்கரே 1925-ல் ஆலை நகரமான ஷோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தவர். பிள்ளைக்குத் தங்க இடமும் சாப்பாடும் இல்லாவிட்டால் பட்டம் வெறும் கனவு என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது: இடதுசாரி மாணவத் தோழர்களுக்கு. அம்பேத்கர் வழி மாணவர்களைப் போட்டியாளர் என்று பார்க்காதீர்கள். ஹைதராபாத்தில் 2019 மாணவர் தேர்தலில் இந்திய மாணவர் சங்கமும் அம்பேத்கர் மாணவர் சங்கமும், தலித் மாணவர், பழங்குடி மாணவர் அமைப்புகளும் ஒரே அணியாக நின்றார்கள், வென்றார்கள். ரோஹித் போன பாதையும் விலகிய பாதையும் கடைசியில் ஒன்று கூடின. அவர் உயிரோடிருந்து பார்த்திருக்க வேண்டும். இனி ஒரு பிள்ளை போன பிறகு ஒன்று கூட வேண்டாம், முன்னாலேயே கூடுவோம்.

மூன்றாவது: இதுதான் மிகவும் கஷ்டமானது, இது சட்டத்தால் ஆகாது. தாழ்த்தப்பட்ட தெருவில் பிறக்காத தோழர்களைக் கேட்கிறேன். உங்கள் மகனும் மகளும் கல்லூரி விடுதியில் இருக்கிறார்கள். அடுத்த கட்டிலில் நம் விவசாயத் தொழிலாளியின் பிள்ளை இருக்கிறான். லீவுக்கு வந்தால் உங்கள் பிள்ளையிடம் மார்க் என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். “அடுத்த கட்டில் பையனோடு ஒரே தட்டில் சாப்பிட்டாயா? அவனிடம் ரேங்க் கேட்டாயா? அவனை ஒருத்தன் கேலி செய்தபோது நீ சிரித்தாயா, எழுந்து நின்றாயா?” என்று கேளுங்கள். அந்தப் பிள்ளையைப் பண்டிகைக்கு உங்கள் வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் இலை போடுங்கள்.

அப்படி ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிற காலத்தில், தனிச் சங்கம் தேவையா என்று அந்தப் பிள்ளைகளே கூடி முடிவு செய்து கொள்வார்கள். அந்தக் காலம் வரும்வரை, அவர்கள் சங்கம் வைத்திருப்பது அவர்கள் உரிமை. அதைக் காப்பது நம் கடமை.

டீக்கடைத் தோழர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய மகன் விடுதிக்குத் திரும்பும்போது, இந்தப் பதிலையும் பெட்டியில் வைத்து அனுப்புவார் என்று நம்புகிறேன்.